வசந்தத்திற்குக் கணக்கெழுதிய தோரோ

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்களுள் ஹென்றி டேவிட் தோரோவின் பெயரை அறியாதார் சிலரே இருப்பர். அநீதி செய்யும் சர்க்காருக்கு வரி செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர் என்றும், தீய சட்டத்திற்குக் கீழ்ப்படிய மறுக்கும் உரிமையைப் பற்றி அரியதொரு கட்டுரை வரைந்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஆனால் அவருடைய சிறைவாசம் ஒரே ஓர் இரவுதான். மற்ற நாட்களில் அவர் செய்து வந்தது யாது? பெரும்பாலும் நடந்தார், நடந்த வழியில் கண்டதை எழுதினார். குளத்தின் பனிக்கட்டி எந்நாள் உடைந்தது, முதல் தவளை எந்நாள் குரல் கொடுத்தது, எந்தப் பறவை எந்நாள் திரும்பி வந்தது, எந்தப் பூ எந்நாள் மலர்ந்தது என்று ஆண்டுதோறும் வசந்த காலத்திற்குக் கணக்கு வைத்தார்.

இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்து, தோரோவுக்குள் இரண்டு மனிதர் குடியிருந்தனர் என்று கருதுவாருண்டு. ஒருவர் அநீதியை எதிர்த்த வீரர். மற்றவர் பொழுது போகாமல் புழு பூச்சிகளைப் பார்த்துக் கொண்டிருந்தவர். அரசியல் ஊழியருக்கு முதல்வரே போதும், பின்னவரால் ஆவதொன்றுமில்லை என்பது அவர்கள் கருத்து. நாம் அதனை ஒப்பவில்லை. பிறர் சொல்லை நம்பாது நேரில் கண்டறிந்ததையே மெய்யெனக் கொள்ளும் ஒரே குணந்தான் அவரைக் குளக்கரைக்கும் சிறைக்கும் அழைத்துச் சென்றது என்பது நமது அபிப்பிராயம். அவருடைய சரித்திரத்தைச் சுருங்கக் கூறினாலே இது விளங்கும்.

பிறந்த ஊரும் பருவமும்

தோரோ 1817-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்ட் என்னும் ஊரில் பிறந்தார். பாஸ்டன் நகருக்கு மேற்கே சுமார் இருபது மைல் தூரத்தில் உள்ளது அவ்வூர். 1775-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலச் சேனையை அவ்வட்டாரத்துக் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்தி எதிர்த்து நின்றது அங்கேதான். தந்தையார் பென்சில் செய்து விற்பவர். தாயார் வீட்டில் சிலருக்கு உணவும் இடமும் அளித்துப் பொருளீட்டி வந்தார். செல்வக் குடும்பமன்று, எனினும் படிப்பில் நாட்டமுள்ள குடும்பம்.

அந்நாட்டு வசந்தத்தின் தன்மையை அறியாதவருக்குத் தோரோவின் செயல் விளங்குவது அரிது. நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வேம்பு பூக்கும், வெயில் ஏறும். நமது மண் அதற்கு முன்னும் பசுமையற்றுப் போய்விடுவதில்லை. கான்கார்டிலோ மார்கழி தொடங்கி மாசி முடியும் வரையில் நிலம் பெரும்பாலும் பனியால் மூடப்பட்டிருக்கும். குளங்களின் மேல் வண்டி செல்லக்கூடிய அளவுக்கு நீர் உறைந்து கிடக்கும். பறவைகளில் பெரும்பாலானவை தெற்கு நோக்கிச் சென்றுவிடும். பூச்சிகளின் சப்தமே இராது. இப்படி மாதக்கணக்கில் ஓய்ந்து கிடந்த பூமி, மார்ச்சு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தன் உயிர்களைத் திரும்பப் பெறுகிறது. அவ்வருகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைக் கண்டறிவதே தோரோ தமக்கு விதித்துக் கொண்ட வேலை.

பிரம்பை மறுத்த உபாத்தியாயர்

ஹார்வர்டு கலாசாலையில் பயின்று 1837-ல் தேறிய தோரோ, சொந்த ஊர்ப் பொதுப் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தார். மாணவரைப் பிரம்பால் அடிக்காமல் பள்ளியை நடத்த முடியாது என்பது மேலாளர் கொள்கை. தோரோ இரண்டே வாரத்தில் வேலையை விட்டு விலகினார். அவ்வாண்டு அக்டோபர் 22-ம் தேதி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்போது கான்கார்டில் வசித்து வந்த அறிஞர் ரால்ப் வால்டோ எமர்ஸனின் நட்பு அவருக்கு அக்காலத்தில் வாய்த்தது. கால் நூற்றாண்டுக் காலம் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு ஏறக்குறைய இருபது லட்சம் சொற்களாக வளர்ந்தது.

பின்னர்த் தமையனார் ஜானுடன் சேர்ந்து 1838 முதல் 1841 வரை சொந்தத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அப்பள்ளியில் பிரம்பு கிடையாது. மாணவர்களை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று, செடியையும் பறவையையும் நேரில் காட்டுவது பாடத்தின் ஒரு பகுதி. ஜானும் பறவைகளிடத்துப் பெரும் பற்றுடையவர். 1842 ஜனவரியில் க்ஷவரக் கத்தி பட்ட சிறு காயத்தினால் வந்த ஜன்னி நோய்க்கு அவர் இரையானார். அந்தத் துக்கம் தோரோவை விட்டு எளிதில் அகலவில்லை.

ஜீவனத்திற்காகத் தந்தையாரின் பென்சில் தொழிலில் அவர் உழைத்தார். கிராபைட்டுடன் களிமண் கலந்து நல்ல பென்சில் செய்யும் முறையைச் சீர்திருத்தி, அமெரிக்காவிலேயே சிறந்தவற்றுள் ஒன்றென அக்குடும்பப் பென்சில் பெயர் பெறச் செய்தார். நிலம் அளக்கும் சர்வே தொழிலையும் மேற்கொண்டார். பென்சிலும் அளவுச் சங்கிலியுமே அவருடைய ஆயுதங்கள். அவற்றைக் கூலிக்கும் பயன்படுத்தினார். கூலி தராத வசந்தத்துக்கும் பயன்படுத்தினார்.

இவருடைய சரித்திரத்தில் மறைக்கத் தகாத குற்றம் ஒன்றும் உண்டு. 1844 ஏப்ரலில், மழையின்றி உலர்ந்திருந்த வேளையில், தோழர் ஒருவருடன் ஆற்றங்கரையில் மீன் சமைக்க மூட்டிய தீ புல்லில் பற்றிக் காட்டுக்குப் பரவிற்று. முந்நூறு ஏக்கருக்கு மேல் காடு எரிந்தது. காட்டைக் கொளுத்தியவன் என்று ஊரார் நெடுநாள் ஏசினர். காடுகளை இவ்வளவு நேசித்தவர் கையாலேயே இக்கேடு நேர்ந்தது. எரிந்த இடத்தில் முதலில் எது முளைத்தது, பின்னர் எது தொடர்ந்தது என்று பார்த்து வருவது பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

வால்டன் குளக்கரை

ஊரிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில் வால்டன் என்னும் குளம் இருக்கிறது. அதன் கரையில் எமர்ஸனுக்குச் சொந்தமான நிலத்தில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உள்ள ஒரு சிறு குடிசையைத் தோரோ தம் கையாலேயே கட்டிக் கொண்டார். அதற்கான செலவு 28 டாலரும் 12½ சென்டும் என்று பைசா விடாமல் கணக்கெழுதி வைத்தார். அமெரிக்க சுதந்தர தினமாகிய ஜூலை 4-ம் தேதி, 1845-ல், அதில் குடி புகுந்தார். 1847 செப்டம்பர் 6-ம் தேதி வரை அங்கு வசித்தார். அவரையைப் பயிரிட்டார். வாழ்வுக்கு இன்றியமையாதது எவ்வளவு, வீண் எவ்வளவு என்று சோதித்தறிவதே அவர் நோக்கம்.

அங்கு அவர் துறவியைப்போல் ஊரைத் துறந்திருந்தார் என்பது தவறு. அடிக்கடி ஊருக்குச் சென்று வந்தார். 1846 ஜூலையில் அப்படி ஒரு நாள், செப்பனிடக் கொடுத்திருந்த செருப்பை வாங்கச் சென்றபொழுதுதான் வரி வசூலிக்கும் அதிகாரி அவரைக் கைது செய்தார். பல ஆண்டுகளாகத் தலைவரி செலுத்தாமை குற்றம். மனிதரை விலைக்கு விற்கும் அடிமை முறையைப் பாதுகாத்துக் கொண்டும், மெக்ஸிகோ தேசத்தின்மேல் படையெடுத்துக் கொண்டும் இருந்த சர்க்காருக்குத் தம் பொருளால் துணை புரியலாகாது என்பது அவர் முடிவு. ஓர் இரவு சிறையில் இருந்தார். வேறு யாரோ அவர் சார்பில் வரியைச் செலுத்திவிட்டமையால், மறுநாள் காலையில் அவர் விரும்பாமலே விடுதலை செய்யப்பட்டார். வெளிவந்தவர் என்ன செய்தார்? செருப்பைப் பெற்றுக் கொண்டு, ஹக்கிள்பெரி என்னும் காட்டுப் பழம் பறிக்கச் செல்லும் கூட்டத்தாருடன் குன்றுக்குப் போனார். சிறையில் கழிந்த இரவையும் பழம் பறித்த பகலையும் அடுத்தடுத்து வைத்தே தமது பிரசித்தி பெற்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். அக்கட்டுரை 1849-ல் வெளிவந்தது.

வால்டன் குளத்திற்கு அடியே இல்லை என்பது அவ்வூரார் நெடுநாளாகக் கூறி வந்த வார்த்தை. தோரோ அதனை மறுத்து வாதம் செய்யவில்லை. 1846-ம் ஆண்டின் தொடக்கத்தில், குளம் உறைந்திருந்த சமயத்தில், பனிக்கட்டியில் துளையிட்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கி நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. ஊரார் தலைமுறை தலைமுறையாக நம்பியதை ஒரு கயிறும் கல்லும் தீர்த்து வைத்தன. சர்க்கார் சொல்வதையும் பெரும்பான்மையோர் சொல்வதையும் அவர் சோதித்த முறையும் இதுவே.

சென்னைக்குச் சென்ற பனிக்கட்டி

அடுத்த குளிர்காலத்தில் நூறு கூலியாட்கள் ரெயிலில் வந்திறங்கி, வால்டன் குளத்தின் பனிக்கட்டியை வாளால் அறுத்துக் கரையில் அடுக்கினர். பாஸ்டனிலிருந்து தொலைதூர நாடுகளுக்குக் கப்பலில் ஐஸ் ஏற்றி அனுப்பும் வியாபாரம் அக்காலத்தில் செழித்திருந்தது. அவ்வியாபாரத்தின் மூலபுருஷர் பிரடெரிக் டூடர் என்பவர். சென்னையில் கடற்கரையோரத்தில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும் இவ்வியாபாரத்திற்காகவே. 1897-ல் விவேகானந்த சுவாமிகள் தங்கியிருந்த கட்டடம் அதுதான்; இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுவதும் அதுவே. சென்னை, பம்பாய், கல்கத்தா வாசிகள் தமது கிணற்று நீரைப் பருகுவதாகத் தோரோ எண்ணிப் பார்த்தார். பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை அக்குளக்கரையிலேயே படித்து வந்தவராகையால், வால்டன் நீரும் கங்கை நீரும் கலப்பதாகவும் அவருக்குத் தோன்றிற்று.

எனினும் இக்கற்பனையோடு அவர் நின்றுவிடவில்லை. அடுக்கிய பனிக்கட்டி பதினாயிரம் டன் என மதிப்பிடப்பட்டது, அதில் ஒரு பகுதியே எடுத்துச் செல்லப்பட்டது, எஞ்சியது இரண்டு கோடைகளைத் தாங்கி 1848 செப்டம்பரில்தான் முற்றிலும் கரைந்தது என்பதையும் குறித்து வைத்தார்.

குளம் முழுவதும் பனி நீங்கித் திறந்த நாளை வசந்தத்தின் முதற்கணக்காக அவர் கொண்டார். 1845-ல் ஏப்ரல் 1. 1846-ல் மார்ச்சு 25. 1847-ல் ஏப்ரல் 8. 1851-ல் மார்ச்சு 28. 1852-ல் ஏப்ரல் 18. 1853-ல் மார்ச்சு 23. 1854-ல் சுமார் ஏப்ரல் 7. இவற்றை 1854-ல் வெளியிட்ட வால்டன் என்னும் நூலில் அச்சிட்டார். படிப்பவர்க்கு வறண்ட எண்களாகத் தோன்றும் இவ்வேழு தேதிகளின் பெருமையைப் பின்னர்க் கூறுவோம்.

வசந்தத்தின் வரிசை

1850-க்குப் பின் தோரோ அன்றாடம் பல மணி நேரம் நடப்பதை நியமமாகக் கொண்டார். செடிகளை வைத்து அழுத்த ஒரு பழைய சங்கீதப் புத்தகம் கையிடுக்கில் இருக்கும். சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம், பென்சில், உருப்பெருக்கும் கண்ணாடி, பேனாக்கத்தி, நூல். பறித்த செடி வாடாதிருக்கத் தொப்பிக்குள் ஒரு சிறு தட்டு அமைத்திருந்தார். 1854 மார்ச்சில் எட்டு டாலர் கொடுத்து ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்கினார். இளமையில் துப்பாக்கி வைத்திருந்தவர், பறவையைச் சுட்டு வீழ்த்தி ஆராய்வதைக் காட்டிலும் உயிரோடு பார்ப்பதே மேலான ஆராய்ச்சி என்று கண்டு, துப்பாக்கியை நீக்கிவிட்டார்.

அவர் கண்ட வரிசையில் சிலவற்றைக் கூறுவோம். சதுப்பு நிலத்தில் முதலில் பூப்பது துர்நாற்றமுள்ள ஒரு செடி. தன் பூவிலேயே வெப்பத்தை உண்டாக்கிக் கொண்டு, சுற்றியுள்ள பனியை உருக்கி வெளிவருவது அது. இலை ஒன்றும் துளிர்க்காத அவ்வேளையிலேயே தேனீக்கள் அதைத் தேடி வருகின்றன. அதே நாட்களில் முதுகு நீலமும் மார்பு செம்மண் நிறமும் கொண்ட நீலக் குருவி தெற்கிலிருந்து திரும்புகிறது. தோளில் சிவப்புப் பட்டையுடைய கருங்குருவிகள் ஆற்றங்கரைப் புதர்களில் கூட்டமாக இரைகின்றன. குளிர்காலம் முழுவதும் மரப்பட்டை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று, நிழலில் பனி கிடக்கும்போதே, கருஞ்சிவப்புச் சிறகை விரித்து வெயிலில் பறக்கிறது. காட்டுத் தவளைகள் குட்டைகளில் கரகரக்கின்றன. உடலில் உள்ள நீரில் பெரும்பகுதி உறைந்தும் இவை சாகாமல் இருந்து மீள்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில் அறியப்பட்ட செய்தி. பின்னர், விரற்கடை அளவேயுள்ள சிறு தவளைகளின் சீழ்க்கை ஒலி மாலை வேளைகளில் ஊரெங்கும் கேட்கிறது. செம்மேப்பிள் மரம் இலைக்கு முன்னே பூத்துச் சதுப்பு நிலத்தைச் சிவக்கச் செய்கிறது. ஆமைகள் கரையேறிப் படுக்கின்றன. மே மாதத்தில் கானகப் பாடும் பறவை வந்து சேர்ந்ததும் வசந்தம் நிறைவு பெறுகிறது.

இவ்வளவையும் ஒரு முறை பார்த்துவிட்டு அழகாக எழுதுவது பலரால் இயலும். தோரோ ஒரே செடி பூக்கும் சரியான நாளை அறிய நாலைந்து மைல் நடந்து, இரண்டு வாரத்திற்குள் ஐந்தாறு முறை அதைப் போய்ப் பார்த்ததுண்டு. முந்நூற்றுக்கு மேற்பட்ட செடிகளின் முதற்பூ நாட்களை இவ்வாறு குறித்தார். இலை துளிர்க்கும் நாள், பறவை வரும் நாள், ஆற்றின் நீர்மட்டம் ஆகியவையும் ஏட்டில் ஏறின. பூச்சிகளைப் பற்றி ஐயம் எழுந்தால் ஹார்வர்டு நூலகத் தலைவராயிருந்த பூச்சியியல் அறிஞர் தாடியஸ் ஹாரிஸிடம் கேட்டறிவார். பெயர் பெற்ற விஞ்ஞானி லூயி அகாஸிக்கு மீன்களும் ஆமைகளும் அனுப்பிக் கொடுத்தார். பாஸ்டன் இயற்கை நூற் கழகம் 1850-ல் இவரை அங்கத்தினராக ஏற்றது. ஊராரோ, ஹார்வர்டில் படித்தவன் சேற்றில் நின்று தவளையைப் பார்க்கிறானே என்று வியந்தனர். அவருடைய முதல் நூல் 1,000 பிரதி அச்சாகி, 706 பிரதிகள் விலைபோகாமல் 1853-ல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன.

அதே ஆண்டுகளில் அடிமைப் போர்

இக்கணக்குகள் எழுதப்பட்ட ஆண்டுகள் எவை என்பதை நமது நேயர்கள் கருத வேண்டும். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து எஜமானரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளையிட்ட கொடுஞ்சட்டம் 1850-ல் இயற்றப்பட்டது. 1851 அக்டோபர் முதல் தேதி, வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த ஹென்றி வில்லியம்ஸ் என்பவரைத் தோரோ வீட்டார் ஒளித்து வைத்திருக்க, தோரோ அவரை ரெயிலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். சட்டப்படி அது குற்றம். அதையும் பூக்களின் தேதிகளோடு அதே நாட்குறிப்பில் எழுதினார்.

1854-ல் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்னும் அடிமை பிடிக்கப்பட்டு, ராணுவக் காவலுடன் தெற்கே அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 4-ம் தேதி பொதுக்கூட்டத்தில் தோரோ பேசிய பேச்சு நெருப்பையொத்தது. தேசத்தின் இழிவை நினைக்கையில் தமது நடையே கெடுகிறது, குளத்தின் அழகும் பயனற்றுப் போகிறது என்று மனம் நொந்தார். அப்பேச்சின் இறுதியில் அவர் எடுத்துக் காட்டியது, சேற்றிலிருந்து எழுந்தும் தூய்மை குன்றாத ஒரு வெள்ளை அல்லிப் பூவை. இயற்கையைப் பார்ப்பது அரசியலினின்று தப்பி ஓடுவதற்கான வழி என்று எண்ணுவோருக்கு இது விடையாகும். அடிமை நாட்டில் பூவின் அழகுங்கூட நிம்மதி தராது என்பதை அவர் அனுபவித்தறிந்தார். பூவைப் பார்ப்பதை அதற்காக விட்டுவிடவும் இல்லை.

அடிமைகளை விடுவிக்க ஆயுதமெடுத்த ஜான் பிரௌன் 1859 அக்டோபரில் பிடிபட்டபொழுது, அவருக்காகப் பேச நண்பர்களே அஞ்சினர். தோரோ தாமே கூட்டம் கூட்டி, அம்மாதம் 30-ம் தேதி கான்கார்டில் அவரை ஆதரித்துப் பேசினார். பிரௌனின் ஆயுத முறை நமக்கு உடன்பாடன்று. ஆயினும், அனைவரும் வாயடைத்திருந்த வேளையில் தமக்கு மெய்யெனப் பட்டதை ஊரறியச் சொன்ன ஆண்மையை நாம் போற்றுகிறோம்.

முடிவும் பின் விளைவும்

1860-ன் தொடக்கத்தில் டார்வினுடைய புதிய நூல் கான்கார்டுக்கு வந்தது. தோரோ அதனை ஊன்றிப் படித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் குடியானவர் சங்கத்தின் முன், ஒரு வகை மரத்தை வெட்டிய இடத்தில் வேறு வகை மரம் ஏன் முளைக்கிறது என்பதைப் பற்றி உபந்நியாசம் செய்தார். விதையைக் காற்றும் அணிலும் பறவையும் சுமந்து செல்வதைத் தாம் பார்த்தவாறு விளக்கினார். பத்தாண்டுக் குறிப்புகளை ஒன்றுதிரட்டி, மாதந்தோறும் எது எப்பொழுது நிகழ்கிறது என்று பெரிய அட்டவணைகளாக வகுக்கத் தொடங்கினார்.

அப்பணி முடியவில்லை. 1860 டிசம்பரில், குளிர் மிகுந்த ஒரு நாளில், வெட்டுண்ட மரங்களின் வளையங்களை எண்ணிக் கொண்டிருந்தபோது பிடித்த சளி மார்பில் இறங்கி, பழைய க்ஷயரோகத்தை எழுப்பிற்று. 1861-ல் உடல் நலத்திற்காக மினஸோட்டாவரை சென்று வந்தும் பயனில்லை. 1862-ம் ஆண்டு மே மாதம் 6-ம் தேதி, அவர் ஆண்டுதோறும் கணக்கெழுதிய வசந்தத்தின் நடுவிலே, நாற்பத்து நான்காவது வயதில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற செல்வம் இரண்டு. ஒன்று அக்கட்டுரை. 1906 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் தொடங்கிய மகாத்மா காந்தி, அடுத்த ஆண்டு அதன் சாரத்தைத் தமது இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் வெளியிட்டார். தமது கொள்கையைத் தோரோவிடமிருந்து பெறவில்லை என்றும், அதைப் படிக்குமுன்பே போராட்டம் முன்னேறியிருந்தது என்றும் காந்தியடிகள் பின்னர் விளக்கியிருக்கிறார். ஆயினும் கடல் கடந்த ஒரு சகோதரரின் சாட்சியாக அது நம்மவருக்குப் பயன்பட்டது.

மற்றச் செல்வம் நாட்குறிப்பு. 1906-ல் பதினான்கு பாகங்களாக அச்சேறிய பின்னரும் அதிலுள்ள தேதிகளை யாரும் பெரிதாகக் கருதவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய மாணவர் ஆப்ரஹாம் மில்லர்-ரஷிங்கும் அவற்றைக் கையிலேந்திக் கான்கார்ட் வயல்களில் மறுபடியும் நடந்தனர். 2008-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அங்கு சாதாரணமாகக் காணப்படும் 43 வகைச் செடிகள் தோரோ காலத்தைவிடச் சராசரி ஏழு நாள் முந்திப் பூக்கின்றன. அவ்வூரின் வெப்பநிலை ஒன்றரை நூற்றாண்டில் 2.4 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. பூமி முழுவதும் வெப்பமேறுவதும், நகரம் பெருகியதும் இதற்குக் காரணங்கள். வால்டன் குளத்தின் பனியும் சுமார் இரண்டு வாரம் முந்தியே நீங்கிவிடுகிறது. முன் கூறிய ஏழு தேதிகளின் பெருமை இதுவே: அவை இல்லையேல் இந்த மாறுதலை அளக்க அளவுகோலே இராது.

இன்னுமொரு செய்தி மனத்தை வருத்துவது. தோரோ அவ்வூரில் கண்ட செடி வகைகளில் நூற்றுக்கு 27 மறைந்துவிட்டன. மேலும் 36 மிக அரிதாகிவிட்டன. கான்கார்டின் காடும் சதுப்பும் பெரும்பகுதி காக்கப்பட்டிருந்தும் இந்நிலை. வெப்பத்திற்கேற்பப் பூக்கும் நாளை மாற்றிக் கொள்ளும் செடிகள் பிழைத்தன. மாற்றிக் கொள்ள இயலாத லில்லி, ஆர்க்கிட் முதலிய குடும்பங்கள் பெரிதும் குன்றின. பறவைகளின் வருகை நாட்கள் பூக்களைப் போல் அவ்வளவு மாறவில்லை. பூவும் பூச்சியும் ஒரு நாளிலும், அவற்றை நம்பி வரும் பறவை வேறொரு நாளிலும் வந்து சேருமாயின், பறவையின் குஞ்சு பட்டினி கிடக்க நேரும். வசந்தத்தின் வரிசை குலைவது சிறு விஷயமன்று.

நமது அன்பர்களுக்கு

ஆலைப் புகையினாலும் எண்ணெயினாலும் உலகத்தின் சீதோஷ்ணம் மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ளாத அரசாங்கங்களும் செல்வர்களும் இன்றும் உண்டு. அவர்கள் முன் நிற்கும் சாட்சிகளுள் ஒருவர், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இறந்த இந்தப் பென்சில் வியாபாரி. தமது குறிப்பு எதிர்காலத்தில் இவ்வழக்கில் சாட்சி சொல்லும் என்று அவர் அறிந்திலர். உள்ளதை உள்ளவாறு, தேதியிட்டு, ஒரு நாளும் தவறாமல் எழுதியமையாலேயே அது சாட்சியாயிற்று. அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஊராரின் ஏளனம்.

தேசம், தேசம் என்று மேடையில் முழங்குகிறோம். நமது ஊர் ஏரியில் எத்தனை வகைப் பறவை இறங்குகின்றது, அவை எந்த மாதத்தில் வருகின்றன, தந்தையார் காலத்தில் கேட்ட தவளைக் குரல் இன்றும் கேட்கிறதா என்று வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூற வல்லோம்? தேசம் என்பது அதன் ஜனங்களோடு அதன் மண்ணும் நீரும் உயிர்களும் சேர்ந்ததேயாகும். அதில் குறைந்தது எது என்று கணக்குக் காட்ட முடியாதவன், குறைத்தவனை எந்த நியாய ஸ்தலத்திலும் நிறுத்த முடியாது. அநீதியை எதிர்க்கும் துணிவும், கண்டதை அன்றாடம் குறித்து வைக்கும் பொறுமையும் ஒருவரிடத்திலேயே அமையக்கூடும் என்பதற்குத் தோரோவின் வாழ்க்கை சான்று. துணிவுக்கு நம்மிடையே குறைவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் வாங்கி, வரும் இளவேனில் முதல் அந்தப் பொறுமையையும் நமது இளைஞர்கள் பழகிக் கொள்வார்களாக.